பெர்லின் லூச்சியா, 1955: வெட்டுகளும் கைதட்டலும் நிறைந்த ஒரு பதிவை ஏன் கொண்டாடுகிறார்கள்?

பிப்ரவரி 2 (வாசகர் கேள்வி)

இசையமைப்பாளர் டோனிசெட்டியின் 'லூச்சியா தி லாம்மெர்மூர்' ஓப்பெராவை, அதாவது இசை நாடகத்தை, பாடகி மரியா காலஸ் இரண்டு முறை ஸ்டுடியோவில் பதிவு செய்திருக்கிறார். இரண்டும் தெளிவாகவே ஒலிக்கின்றன. அப்படியிருக்க, 1955ல் பெர்லின் மேடையில் பாடியதை வானொலிக்காரர்கள் பிடித்துவைத்த மோனோ பதிவைத் தலையில் வைத்துக் கொண்டாடுவது ஏன்? நடுநடுவே கைதட்டல் வருகிறது. சில காட்சிகளையே காணவில்லை. ஒரு பகுதியை இரண்டு முறை பாடுகிறார்கள். அசலைவிடச் சுருதியை இறக்கியும் பாடியிருக்கிறார்கள். இது ரசனையா, ரசிகர் மன்ற மனப்பான்மையா?

பிப்ரவரி 3

குறைகள் என்று நீங்கள் சொன்னவை அனைத்தும் அந்தப் பதிவில் உள்ளவைதான். அவற்றை மறைத்துக்கொண்டு அதைப் புகழ வேண்டிய தேவை எனக்கு இல்லை. முதலில் விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். 1955 செப்டம்பர் 29 அன்று, மிலானின் லா ஸ்காலா அரங்கம் தன் தயாரிப்பைப் பெர்லினுக்குக் கொண்டுவந்து நிகழ்த்தியது. இசையை நடத்தியவரும் மேடையை இயக்கியவரும் ஹெர்பெர்ட் ஃபான் காராயான். லூச்சியாவாகக் காலஸ், அவள் காதலன் எட்கார்டோவாக ஜூசெப்பே தி ஸ்டெஃபானோ, அண்ணன் என்ரிக்கோவாக ரொலாண்டோ பனெராய், மதகுரு ரைமோண்டோவாக நிக்கோலா ஸக்காரியா. குழுப் பாடகர்கள் மிலானிலிருந்து வந்தவர்கள். வாத்தியக்குழு மட்டும் பெர்லினைச் சேர்ந்தது. நகரின் அமெரிக்கப் பகுதியில் இயங்கிய ரியாஸ் வானொலியின் சிம்ஃபனி குழு அது.

ஸ்டுடியோவில் காட்சிகளைக் கதையின் வரிசையிலேயே பாட வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. முடிவுக் காட்சியை முதல் நாளும் தொடக்கத்தைக் கடைசி நாளும் பாடலாம். பிசகினால் திரும்பவும் பாடலாம். பெர்லினில் முதல் அங்கத்தில் தண்ணீர் ஊற்றருகே பாடும் பெண்தான், அதே இரவில், அதே மூச்சோடு, மூன்றாம் அங்கத்தில் கணவனைக் கொன்றுவிட்டுப் படியிறங்கி வருகிறாள். புத்தி பேதலித்து அவள் பாடும் அந்தப் பித்துக் காட்சியின் விதை முதல் காட்சியிலேயே ஊன்றப்பட்டுவிட்டது என்பதை நான் உணர்ந்தது இந்தப் பதிவில்தான். இரண்டு ஸ்டுடியோ பதிவுகளிலும் எனக்கு அது பிடிபட்டதில்லை. என் வாதம் இவ்வளவே. இதை நிரூபிக்க இரண்டு இடங்களைக் காட்டுகிறேன், ஆனால் அதற்கு அவகாசம் வேண்டும்.

பிப்ரவரி 3, இரவு

சுருதியைப் பற்றி மட்டும் உடனே சொல்லிவிடலாம். டோனிசெட்டியின் கையெழுத்துப் பிரதியில் பித்துக் காட்சி எஃப் மேஜரில் இருக்கிறது. அச்சுப் பிரதிகளில் அது ஒரு முழுச் சுரம் கீழே, ஈ ஃப்ளாட்டுக்கு இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு வந்த பாடகிகள் பெரும்பாலும் அச்சில் இருந்த சுருதியிலேயே பாடினார்கள். எனவே இந்த வழக்கில் காலஸைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது.

பிப்ரவரி 6

முதல் இடம், ஊற்றுக் காட்சி. ஹார்ப்பின் நீண்ட முன்னுரை முடிந்ததும் லூச்சியா தன் தோழி அலீசாவிடம் பழங்கதை ஒன்றைச் சொல்கிறாள். எட்கார்டோவின் ரேவன்ஸ்வுட் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவன் பொறாமையால் தன் காதலியைக் குத்திக் கொன்றான். அவள் உடல் அந்த ஊற்றில் விழுந்தது. "ரெஞ்ஞாவா நெல் சிலென்ஸியோ" என்று தொடங்கும் பாட்டில், அந்த ஆவியைத் தான் நேரில் கண்டதை அவள் விவரிக்கிறாள்: நள்ளிரவின் மௌனம், ஊற்றின் மேல் வெளிறிய நிலவொளி, காற்றில் ஒரு முனகல், பிறகு கரையில் ஓர் உருவம். அந்த உருவத்தின் உதடுகள் அசைகின்றன, கை அழைக்கிறது, சட்டென்று மறைகிறது. அதுவரை தெளிந்திருந்த தண்ணீர் இரத்தமாகச் சிவக்கிறது.

தண்ணீர் சிவக்கும் அந்த வரியில்தான் டோனிசெட்டி ட்ரில்களை வைத்திருக்கிறார். ட்ரில் என்பது அடுத்தடுத்த இரண்டு சுரங்களை மாற்றி மாற்றி வேகமாக அசைப்பது. நல்ல குரல் வளம் உள்ள எவரும் இந்த இடத்தில் தம் பயிற்சியைக் காட்டிவிட்டுப் போகலாம். பெரும்பாலோர் அதைத்தான் செய்கிறார்கள். காலஸ் இதே ட்ரில்லை உடம்பில் ஓடும் நடுக்கமாக ஆக்கிவிடுகிறார். ஆவியைக் கண்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்த பெண், இப்போது அதை மறுபடியும் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றுகிறது. அலீசா அடுத்து அவளை எச்சரிப்பது வெறும் கதைத் தேவைக்காக எழுதப்பட்ட வரியாக எனக்குப் படவில்லை. எதிரே இருப்பவளின் முகத்தைப் பார்த்துப் பயந்தவளின் பேச்சாகவே ஒலிக்கிறது.

பெல் காண்டோ எனப்படும் டோனிசெட்டி காலத்து இத்தாலியப் பாட்டு முறை என்றாலே அலங்காரம்தான், உணர்ச்சிக்கு அடுத்து வந்த இசையமைப்பாளர் வெர்டியிடம் போக வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு பாட்டை, வரிகளின் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுப் பார்க்கலாம். கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த எனக்கு ஐரோப்பியப் பாடகிகளின் பிருகாக்கள் ஆரம்பத்தில் வெறும் சாதகப் பாடம் போலத்தான் பட்டன. குரல் ஏணியில் ஏறுகிறது, இறங்குகிறது, எதற்கு என்று விளங்கவில்லை. அந்த எண்ணத்தை உடைத்தது இந்தப் பாட்டு.

பிப்ரவரி 7

காலஸின் குரலில் இனிமையே இல்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். குரல் அழகு ஒன்றுதான் அளவுகோல் என்றால் நான் வாதாட வரவில்லை. அவர் குரலில் ஒரு மூடிய தன்மை உண்டு, மேல் ஸ்தாயியில் சில சமயம் உலோகத் தன்மையும் வந்துவிடும். லூச்சியாவுக்குத் தேனொழுகும் குரல் வேண்டுமானால், ஜோன் சதர்லாண்ட் 1959ல் லண்டன் கோவென்ட் கார்டனில் இந்தப் பாத்திரத்தை ஏற்றுப் புகழின் உச்சிக்குப் போனதிலிருந்து அதற்குப் பஞ்சமில்லை. அவருடைய ட்ரில் காலஸின் ட்ரில்லைவிடத் துல்லியமானது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைக் கேட்கும்போது தண்ணீர் சிவக்கிறது என்ற நினைப்பே எனக்கு வருவதில்லை.

பிப்ரவரி 11

இரண்டாவது இடம், பித்துக் காட்சி. இதில் ஊற்றைப் பற்றி வரும் வரிகளைக் கவனிக்கச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் புல்லாங்குழலோடு போட்டியிடும் பகுதிக்காகக் காத்திருந்து இவற்றைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

லூச்சியா முதலில் பாடவே இல்லை, கிட்டத்தட்டப் பேசுகிறாள். அவன் குரலின் இனிய ஒலி தன்னைத் தொட்டதாகச் சொல்கிறாள். காலஸ் இங்கே குரலை மிகவும் சிறிதாக்கிக்கொள்கிறார். அரங்கில் இருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டிய அளவுக்கு. எட்கார்டோவை ஊற்றருகே தன்னோடு சற்று உட்காரச் சொல்கிறாள். முதல் அங்கத்தில் இருவரும் பிரியும்போது பாடிய மெட்டு வாத்தியக்குழுவில் மெல்லத் தலைகாட்டுகிறது. உடனே, "ஐயோ, அந்தப் பயங்கர ஆவி எழுந்து நம்மைப் பிரிக்கிறதே" என்று அலறுகிறாள். அது முதல் அங்கத்தில் அவள் கண்ட அதே ஆவி. பாடல் வரிகளை எழுதிய கம்மரானோவின் பாடல் நூலில் இந்த முடிச்சு தெளிவாக இருக்கிறது, டோனிசெட்டியும் அதை இசையில் வைத்திருக்கிறார். ஆனாலும் பாடுபவர் முதல் காட்சியில் அந்த ஆவியை உண்மையாகவே பார்த்திருந்தால்தான் இங்கே அது திரும்பி வரும். பெர்லினில் வருகிறது. "ஃபந்தாஸ்மா" என்ற சொல்லில் காலஸின் குரல் நிறம் மாறுவதைக் கேட்டுவிட்டு, பதிவை நிறுத்தி, ஊற்றுக் காட்சிக்குத் திரும்பிப் போய்க் கேட்டிருக்கிறேன். இரண்டு இடங்களிலும் கண்ணெதிரே ஒன்றைப் பார்த்து நடுங்கும் அதே குரல்தான்.

புல்லாங்குழலோடு நிகழும் நீண்ட கடென்ஸாவை, அதாவது குரல் தாளக் கட்டிலிருந்து விடுபட்டு அலங்கரிக்கும் பகுதியை, டோனிசெட்டியின் மேதைமைக்குச் சான்றாக இங்கே ஒருவர் காட்டியிருந்தார். அது டோனிசெட்டி எழுதியதில்லை. 1835 செப்டம்பர் 26 அன்று நேப்பிள்ஸின் சான் கார்லோ அரங்கில் முதன்முதலாக மேடையேறிய லூச்சியாவில் அப்படி ஒரு நீண்ட பகுதி இருக்கவில்லை. பாடகி தம் விருப்பப்படி சுருக்கமாக அலங்கரித்து முடிக்க வேண்டிய இடம் அது. இன்று நாம் கேட்கும் பிரபலமான வடிவம் 1889ல் பாரிஸில் பாடகி நெல்லி மெல்பா பாடியதோடு தொடர்புடையது. டோனிசெட்டி முதலில் இந்தக் காட்சிக்குப் புல்லாங்குழலையே நினைக்கவில்லை. சுழலும் கண்ணாடிக் கிண்ணங்களை ஈர விரலால் தொட்டு வாசிக்கும் கிளாஸ் ஹார்மோனிகாவுக்குத்தான் எழுதினார். பிறகு அதை அடித்துவிட்டுப் புல்லாங்குழலுக்கு மாற்றினார். அந்த ஒலி எப்படி இருந்திருக்கும் என்று அறிய விரும்புவோர் பாடகி பெவர்லி சில்ஸின் 1970 பதிவைக் கேட்கலாம். மண்டைக்குள்ளிருந்து வருவது போன்ற ஒலி. அதைக் கேட்ட பிறகு, புல்லாங்குழல் எனக்குக் கொஞ்சம் அதிக ஆரோக்கியமாகவே தோன்றுகிறது.

பிப்ரவரி 12

மேல் ஸ்தாயி ஈ ஃப்ளாட்டை யார் எத்தனை விநாடி பிடித்தார் என்ற பட்டியல் கேட்டவருக்கு: என்னிடம் இல்லை. அந்த உச்சச் சுரங்களும் பாடகிகளின் மரபு சேர்த்தவையே. நிறுத்துக் கடிகாரத்தோடு ஓப்பெராவுக்குப் போகிறவர்களுக்கு விளையாட்டரங்கத்தில் நல்ல இருக்கைகள் கிடைக்கும்.

பிப்ரவரி 18

இரண்டு முறை பாடப்பட்ட பகுதிக்கு வருகிறேன். அது இரண்டாம் அங்கத்தின் அறுவர் பாடல். லூச்சியா வேறொருவனுக்கு மனைவியாகத் திருமண ஒப்பந்தத்தில் அப்போதுதான் கையெழுத்திட்டிருக்கிறாள். எட்கார்டோ கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைகிறான். வாள் உருவப்பட வேண்டிய நொடி அது. டோனிசெட்டி அங்கே நேரத்தை நிறுத்திவிடுகிறார். தந்தி வாத்தியங்கள் வில்லை விட்டு விரலால் மீட்ட, பகைவர்களான எட்கார்டோவும் என்ரிக்கோவும் ஒரே நேரத்தில் தொடங்குகிறார்கள். "இந்தக் கணத்தில் என்னைத் தடுப்பது எது" என்பதே இருவரின் கேள்வியும். அடுத்து லூச்சியாவும் ரைமோண்டோவும் சேர்ந்துகொள்கிறார்கள், பிறகு மற்றவர்களும் குழுவும். ஆறு பேருக்கும் ஆறு மனநிலை, ஆனால் கட்டுமானம் ஒன்று.

பெர்லின் ரசிகர்கள் கைதட்டலை நிறுத்தவே இல்லை. காராயான் முழுப் பாடலையும் மறுபடி நடத்தினார். இதைத்தான் நீங்கள் குறையாகச் சொன்னீர்கள். எனக்கு இது பெரும் வாய்ப்பு. ஒரே பாடகர்கள், ஒரே அரங்கு, ஒரே மைக், சில நிமிட இடைவெளியில் ஒரே இசை இரண்டு முறை. எந்த ஸ்டுடியோ பதிவிலும் இப்படி ஒரு சோதனைச்சாலை நமக்குக் கிடைக்காது. முதல் முறை பாடகர்கள் கதைக்குள் இருக்கிறார்கள். இரண்டாம் முறை, என் காதுக்கு, அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு பாடுகிறார்கள். குரல்களின் கலவை இன்னும் சீராகிறது, ஆனால் அந்த முதல் அதிர்ச்சி போய்விடுகிறது. காராயான் இரண்டு முறையும் பாடலை அவசரப்படுத்தவில்லை. தாளத்தைத் தளர்த்தாமல் குரல்களுக்கு இடம் கொடுப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள விரும்பும் எவருக்கும் இந்த இடத்தைச் சிபாரிசு செய்வேன். இத்தாலிய ஓப்பெராவில் வாத்தியக்குழுவை வெறும் கிதார் என்று கேலி செய்பவர்களுக்கும் சேர்த்துத்தான்.

பிப்ரவரி 19

நேற்று எழுதியதை இன்று படிக்கும்போது சற்று உறுத்துகிறது. ஒரே இரவின் தொடர்ச்சிதான் இந்தப் பதிவின் பெருமை என்று 3ஆம் தேதி எழுதிவிட்டு, கதையின் நடுவே எல்லோரும் கடிகாரத்தைத் திருப்பி வைத்து மீண்டும் பாடியதை வாய்ப்பு என்று கொண்டாடுவது எப்படிப் பொருந்தும்? ஓர் அன்பர் இதைச் சரியாகவே சுட்டியிருக்கிறார். லூச்சியாவின் துயரத்தில் தோய்ந்திருக்கும் ஒருவருக்கு அந்த மறுபாடல் அறைந்து எழுப்பியது போலத்தான் இருக்கும்.

என் நிலை இப்போது இது: நாடகமாகப் பார்த்தால் அது இடறல், ஆவணமாகப் பார்த்தால் புதையல். முழு இரவையும் தொடர்ந்து கேட்கும்போது மறுபாடலைத் தாண்டிச் செல்கிறேன். தனியாக ஆராயும்போது இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கிறேன். டோனிசெட்டி காலத்து ரசிகர்களுக்கு இதில் முரண் எதுவும் பட்டிருக்காது. பிடித்த பாட்டைத் திரும்பக் கேட்டு வாங்குவது அவர்களுக்கு வழக்கமாகவே இருந்தது.

பிப்ரவரி 26

வெட்டுகளுக்கு மட்டும் என்னிடம் சமாதானம் இல்லை. மூன்றாம் அங்கத்தின் தொடக்கத்தில், புயல் வீசும் இரவில் என்ரிக்கோ எட்கார்டோவின் பாழடைந்த கோபுரத்துக்கே வந்து, விடிந்ததும் கல்லறை அருகே வாட்போர் என்று சவால் விடுகிறான். அந்தக் காலத்து வழக்கப்படி பெர்லினிலும் அந்தக் காட்சி கிடையாது. அதனால் கடைசிக் காட்சியில் எட்கார்டோ எதற்காக விடியற்காலையில் கல்லறைகளுக்கு நடுவே வந்து நிற்கிறான் என்பது புதிதாகக் கேட்பவருக்கு விளங்கவே விளங்காது. இரண்டாம் அங்கத்தில் ரைமோண்டோ லூச்சியாவை மணத்துக்கு இணங்க வைக்கும் காட்சியும் போய்விட்டது. அதன் இழப்பு இன்னும் ஆழமானது. அண்ணன் மிரட்டினான், போலிக் கடிதம் காட்டினான் என்பது மட்டும் எஞ்சுகிறது; அவள் நம்பிய மதகுருவும் சேர்ந்துதான் அவளைத் தள்ளினார் என்பது மறைந்துவிடுகிறது. ஸக்காரியாவின் குரலைக் கேட்கும்போதெல்லாம் அந்தக் காட்சி இருந்திருந்தால் என்ற ஏக்கம் வருகிறது.

இரவு முழுவதன் தொடர்ச்சி என்று பேசும் என் வாதத்துக்கு இது நிஜமான அடி. லூச்சியாவின் வீழ்ச்சியில் ஒரு படி காணாமல் போயிருக்கிறது, காலஸ் அதை ஒரே தாண்டில் தாண்ட வேண்டியிருக்கிறது. என்ரிக்கோவோடு அவள் பாடும் இருவர் பாடலில், போலிக் கடிதத்தைப் படித்த பிறகு வரும் "சொஃப்ரீவா நெல் பியாந்தோ" பகுதியில், அந்த முழுச் சரிவையும் அவர் இறக்கிவைத்துவிடுகிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அழுகையை நடிக்காமல், நீண்ட வாக்கியங்களின் கடைசியில் குரலை மெலிதாக்குவதன் மூலம் மட்டுமே அதைச் செய்கிறார். பனெராய் அங்கே கொடூரனாக உறுமவில்லை. அப்போது முப்பது வயதுதான் அவருக்கு. அழிவின் விளிம்பில் நிற்கும் இளம் பிரபுவின் பதற்றம் அந்தக் குரலில் இருக்கிறது.

மார்ச் 1

தி ஸ்டெஃபானோவைப் பற்றி நான் எதுவுமே எழுதவில்லை என்று கோபித்துக்கொண்டிருக்கிறார்கள். நியாயமான கோபம். மேல் ஸ்தாயியில் குரலை மூடாமல் திறந்தே பாடும் பழக்கம் அவருக்கு உண்டு, அதற்கான விலையைப் பின்னாளில் அந்தக் குரல் கொடுத்தது. 1955ல் அது தெரியவில்லை. சொற்கள் ஒவ்வொன்றும் பேச்சைப் போலத் தெளிவாக விழுகின்றன.

இந்த ஓப்பெரா பித்துக் காட்சியோடு முடிவதில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கடைசிச் சொல் டெனருக்கு, அதாவது எட்கார்டோவைப் பாடும் உயர் ஸ்தாயி ஆண் குரலுக்கு உரியது. லூச்சியா இறந்தாள் என்று கேட்ட எட்கார்டோ, வானுக்குப் பறந்துவிட்ட அவளை விளித்துப் பாடுகிறான். பாட்டின் நடுவே தன்னைக் குத்திக்கொள்கிறான். இரண்டாம் முறை அந்த மெட்டு வரும்போது அவனால் அதை முழுதாகப் பாட முடியவில்லை. மெட்டைச் செல்லோ எடுத்துக்கொள்கிறது. அவன் துண்டு துண்டாகச் சில சொற்களை மட்டும் அதன் மேல் வைக்கிறான். சாகும் ஒருவன் உரக்கப் பாடுவதா என்று ஓப்பெராவைக் கிண்டல் செய்பவர்களுக்கு டோனிசெட்டி 1835லேயே பதில் எழுதி வைத்துவிட்டார். தி ஸ்டெஃபானோ இந்தத் துண்டுகளைப் பாடுவதில் மிகை கொஞ்சம் உண்டு, தேம்பலும் உண்டு. நான் மன்னித்துவிடுகிறேன்.

மார்ச் 9

எந்தப் பதிப்பை வாங்குவது, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டவர்களுக்கு. இந்த ஒலிபரப்பு நெடுங்காலம் உரிமம் இல்லாத இசைத்தட்டுகளாகவே ரசிகர்களிடையே சுற்றி வந்தது. பிறகு இஎம்ஐ அதிகாரபூர்வமாக வெளியிட்டது. இன்று வார்னர் பெயரில் கிடைக்கிறது. உரிமமற்ற பழைய பிரதிகளில் சுருதி நிலையில்லாமல் ஓடுவதுண்டு, அவற்றைக் கேட்டுவிட்டுப் பாடகர்களைக் குறை சொல்ல வேண்டாம்.

ஸ்டுடியோ பதிவுகளில் 1953ன் ஃப்ளோரன்ஸ் பதிவு காலஸின் குரல் முழு வலுவோடு இருந்த காலத்தது. தி ஸ்டெஃபானோ அதிலும் உண்டு, அண்ணன் டிட்டோ கோப்பி, நடத்துநர் துல்லியோ செராஃபின். 1959ன் லண்டன் பதிவு ஸ்டீரியோ. நான் முதலில் கேட்டது அதைத்தான். உச்சச் சுரங்களில் அங்கே ஆட்டம் தெரிகிறது. ஒலித் தெளிவுக்காக மட்டும் அதைத் தேர்ந்தெடுப்பவர் காலஸின் லூச்சியா ஏன் இவ்வளவு பேசப்படுகிறது என்று குழம்புவார், நானும் சில காலம் அப்படித்தான் இருந்தேன்.

பெர்லின் பதிவைப் பித்துக் காட்சியிலிருந்து தொடங்காதீர்கள். ஊற்றுக் காட்சியின் ஹார்ப்பிலிருந்து தொடங்கி, பாடல் நூலின் மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இடையில் நிறுத்தாமல் கேளுங்கள். அறுவர் பாடலின் மறுபாடலை முதல் தடவை தவிர்த்துவிடலாம். வெட்டப்பட்ட கோபுரக் காட்சிக்கு, சதர்லாண்டின் 1971 பதிவில் பவரோட்டியும் ஷெரில் மில்ன்ஸும் பாடியது இருக்கிறது. இந்த ஓர் இடத்தில் மட்டும், பெர்லினின் இரண்டாம் அங்கம் முடிந்ததும் நிறுத்தி, கோபுரக் காட்சியை மட்டும் அங்கிருந்து கேட்டுவிட்டுத் திரும்புங்கள். கல்லறைக் காட்சி அப்போதுதான் புரியும்.